எதிரி ஆட்சியும் உள்ளூர் அலுவலரும்: ஆக்கிரமிப்புக்காலத் தொலைக்காட்சித் தொடர்களும் காரைக்கால் தமிழரின் இந்தோசீன அனுபவமும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

எதிரிப் படை ஊருக்குள் வந்து அமர்ந்த பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கும் என்ற கேள்வியை மேலைத் தொலைக்காட்சி அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறது. போர்க்களப் படங்களில் இதற்கு இடமில்லை. பீரங்கி ஓய்ந்த மறுநாள் காலையில்தான் இது பிறக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவது, நெல்லுக்கு யார் விலை வைப்பது, காவல் நிலைய நாற்காலியில் யார் உட்காருவது? வந்தவனுக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. ஊரை நடத்த ஊர்க்காரரே வேண்டும். அந்த ஊர்க்காரர் செய்வது சேவையா துரோகமா என்பதுதான் இத்தொடர்களின் மையச் சிக்கல்.

இக்கட்டுரை அத்தொடர்களைக் காரைக்கால் பகுதியின் வரலாற்றோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரம் போன்ற நெல் விளையும் ஊர்கள் 1954 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் இருந்தவை. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். இப்பகுதியிலிருந்து மக்கள் கடல் கடந்து போன முதன்மையான இடம் பிரெஞ்சு இந்தோசீனா, குறிப்பாகச் சைகோன். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சைகோன் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தது. ஆகவே எதிரி ஆட்சியின் கீழ் அலுவல் பார்த்த அனுபவம் காரைக்கால் தமிழருக்குக் கற்பனைப் பொருளன்று. அது அவர்கள் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து இது: ஐரோப்பியத் தொடர்கள் 'ஒரு தாய்நாடு, ஒரு எதிரி' என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. காலனியத்துக்குள் அலுவலராக இருந்த தமிழரின் நிலையை அந்த அடித்தளம் தாங்காது. அங்கே ஒத்துழைப்பை எந்தக் கொடிக்கு விசுவாசம் என்று கேட்டு அளக்க முடியாது. கையிலிருந்த அதிகாரத்தைக் கொண்டு கீழே இருந்தவருக்கு என்ன செய்தார் என்று கேட்டே அளக்க வேண்டும்.

2. கருத்துச் சட்டகம்

2.1 ஆய்வாளர் வகுத்த படிகள்

போருக்குப் பிந்திய பிரான்சில் நெடுங்காலம் நிலவிய கதை எளிமையானது: நாட்டு மக்கள் எதிர்த்தார்கள், ஒரு சில கயவர் காட்டிக்கொடுத்தார்கள். இக்கதையை உடைத்தவற்றுள் முதன்மையானது தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட ஒரு ஆவணப்படம். மார்செல் ஓஃபுல்ஸ் 1969இல் எடுத்த 'துயரமும் இரக்கமும்' கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தாரை நேர்கண்டு, அவர்களுள் பெரும்பாலோர் எப்படிக் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதைப் பதிவுசெய்தது. பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி அதை 1981 வரை ஒளிபரப்பவில்லை. 1972இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன், போர்க்காலப் பிரான்சின் விஷி அரசு ஜெர்மானியரின் வற்புறுத்தலுக்கு முன்பே தானாக முன்வந்து ஒத்துழைத்ததை ஆவணங்களால் காட்டினார். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தது பிரெஞ்சுக் காவல்துறையே. அதில் பிரெஞ்சு அரசின் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஒருவர் ஒப்புக்கொள்ள 1995 ஆயிற்று.

இந்த ஆய்வுகள் ஒத்துழைப்பைப் படிகளாகப் பிரித்தன. ஸ்டான்லி ஹாஃப்மன், அரசு காரியத்துக்காக எதிரியோடு இணங்குவோரையும் எதிரியின் கொள்கையையே நம்பி ஏற்போரையும் வேறுபடுத்தினார். ஃபிலிப் புரேன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: விருப்பும் வெறுப்புமின்றிப் பிழைப்புக்காகச் சூழலுக்கு இசைந்துபோவது. கனடிய ஆய்வாளர் திமதி புரூக், 1937-38இல் ஜப்பானியர் பிடித்த யாங்சி ஆற்றுப் படுகை ஊர்களை ஆராய்ந்தார். படை வந்தவுடன் அரிசியும் ஒழுங்கும் வேண்டி முன்வந்த உள்ளூர்ப் பிரமுகர்களை, பின்னால் எழுதப்பட்ட தீர்ப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தந்த நாளின் நெருக்கடிக்குள் வைத்துப் பார்த்தார். ஆற்றுப் படுகை மக்களான நமக்கு அவருடைய நூல் நெருக்கமானது.

2.2 தமிழ் மரபில் உள்ள சட்டகம்

தமிழ்த் திரையும் மேடையும் வளர்த்தெடுத்த சட்டகம் இதற்கு நேர்மாறானது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குப் பின் காட்டிக்கொடுப்பவர் என்றாலே எட்டப்பனின் ஒரே முகம் தோன்றுகிறது. அவர் பொறாமையால் செய்கிறார், தனியாகச் செய்கிறார், முதற்காட்சியிலேயே அடையாளம் தெரிகிறார். ஆனால் ஆக்கிரமிப்பை நடத்த ஒரு எட்டப்பன் போதாது. எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், காவலர், ஒப்பந்தக்காரர், கங்காணி என ஆயிரம் பேர் நாள்தோறும் வேலைக்கு வர வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் எவரையும் காட்டிக்கொடுக்க எண்ணியவர்கள் அல்லர்.

3. தொலைக்காட்சி கண்ட ஆக்கிரமிப்பு

3.1 நடவாததைக் கற்பித்தவை

ஜெர்மானியர் கால் வைக்காத பிரிட்டனில்தான் ஆக்கிரமிப்புக் கற்பனை மிகுதி. பி.பி.சி. 1978இல் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஆன் இங்கிலிஷ்மேன்ஸ் காஸில்' இவ்வகையில் கூர்மையானது. போரில் ஜெர்மனி வென்று பல ஆண்டுகள் ஆகிவிட்ட பிரிட்டனில், கென்னத் மோர் ஏற்ற நாயகர் ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர். 1940இன் படையெடுப்பைப் பற்றி அவர் எழுதும் குடும்பத் தொடரை நாடே பார்க்கிறது. தெருவில் ஜெர்மானியச் சிப்பாய் கண்ணில் படுவதில்லை. அடக்குமுறை முழுவதும் உள்நாட்டாரின் கைகளுக்கு மாறிவிட்டது. தம் கதையில் ஒரு யூதப் பாத்திரம் வரலாமா என்ற கேள்வி எழும்போதுதான் தாம் யாருக்கு வேலை பார்க்கிறோம் என்பது அவருக்கு உறைக்கிறது. ஒத்துழைப்பின் முதிர்ந்த நிலை இதுதான்: ஆள்பவன் கண்ணுக்குத் தெரியாமல் போவது.

லென் டெய்ட்டன் 1978இல் எழுதிய நாவலைத் தழுவி 2017இல் பி.பி.சி. ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பிய 'எஸ்.எஸ்.-ஜி.பி.', லண்டன் துப்பறிவாளர் ஒருவரை நடுவில் நிறுத்துகிறது. கொலைக் குற்றத்தைத் துப்புத்துலக்குவது எந்த ஆட்சியிலும் தேவையான வேலைதானே என்பது அவர் வாதம். வழக்கு நகர நகர, சட்டத்துக்கு வேலை பார்ப்பதும் ஆள்பவனுக்கு வேலை பார்ப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. 2015 முதல் 2019 வரை நான்கு பருவங்கள் வந்த அமெரிக்கத் தொடர் 'தி மேன் இன் தி ஹை காஸில்' இன்னொரு வகை மனிதரைக் காட்டுகிறது. அதில் வரும் ஜான் ஸ்மித் முன்னாள் அமெரிக்கப் படை அதிகாரி. நாஜி ஆட்சியில் உச்சப் பதவிக்கு உயர்கிறார். குடும்பத்தைக் காக்கத் தொடங்கிய இணக்கம் அக்குடும்பத்தையே விழுங்குகிறது.

நார்வேயின் 'ஒக்குப்பெர்ட்' 2015இல் தொடங்கியது. எண்ணெய் எடுப்பதை நிறுத்திய நார்வேயை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதலோடு ரஷ்யா மெல்லக் கைப்பற்றுவதாகக் கதை. துப்பாக்கிச் சத்தம் அதிகமில்லை. 'இப்போதைக்கு', 'தற்காலிகமாக' என்றே ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் நடக்கிறது. ஜெர்மானியருக்குத் துணைபோன தம் அரசுத் தலைவர் க்விஸ்லிங்கை 1945இல் சுட்டுக்கொன்ற நாடு அது. அத்தகைய நாட்டின் எழுத்தாளர்களே, க்விஸ்லிங் போன்ற ஒருவர் இல்லாமலும் ஒரு நாடு கைநழுவக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

3.2 நடந்ததை மீட்டுச் சொன்னவை

பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட கால்வாய்த் தீவுகள் 1940 ஜூன் முடிவிலிருந்து 1945 மே வரை உண்மையிலேயே ஜெர்மானியர் வசம் இருந்தன. 1978 முதல் 1980 வரை வந்த 'எனிமி அட் த டோர்' தொடர் கெர்ன்சித் தீவின் மருத்துவரையும் ஜெர்மானிய மேஜரையும் எதிரெதிரே வைத்து நகர்கிறது. வரலாறு தொடரைவிடக் கடுமையானது. யூதர்களைப் பதிவுசெய்யும் ஜெர்மானிய ஆணையைத் தீவின் நீதிமன்றம் ஏற்றுப் பதிவுசெய்தது. அவையில் வெளிப்படையாக மறுத்தவர் சர் ஆபிரகாம் லேனே ஒருவரே. அந்தப் பதிவேட்டின் வழியே அடையாளம் காணப்பட்ட மூன்று யூதப் பெண்கள் 1942இல் அனுப்பப்பட்டு ஆஷ்விட்சில் மடிந்தார்கள். மறுத்தவருக்கு உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவ்வகையின் சிகரம் 'ஊன் வில்லாழ் பிரான்சே' எனும் பிரெஞ்சுத் தொடர். பிரான்ஸ் 3 அலைவரிசையில் 2009 முதல் 2017 வரை ஏழு பருவங்களாக, 72 பகுதிகளாக வந்தது. வரலாற்றாசிரியர் ழான்-பியேர் அஸெமா அதற்கு ஆலோசகர். ழூரா பகுதியில் வில்நேவ் என்ற கற்பனை ஊர்; 1940 ஜூனில் மேயர் ஓடிப்போக, மருத்துவர் டானியல் லார்ஷே அந்த நாற்காலியில் அமர்கிறார். ரொட்டி கிடைக்க வேண்டும், மருத்துவமனை நடக்க வேண்டும் என்பதே அவர் தொடக்கக் கவலை. மரஅறுவை ஆலை முதலாளி ஷ்வார்ட்ஸ் ஜெர்மானியருக்கு மரம் விற்கிறார். காவல் ஆய்வாளர் மர்ஷெத்தி ஒரு யூதப் பெண்ணைக் காதலித்துக்கொண்டே யூதர்களைப் பிடிக்கிறார். யூதர்களை அடைத்துவைக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படும்போது ஆசிரியர்களும் உள்ளே இழுக்கப்படுகிறார்கள்.

இதை ஒரு திரைப்படம் சொல்லியிருக்க இயலாது. இரண்டு மணி நேரத்தில் மனிதர் ஒரு முடிவு எடுப்பதைத்தான் காட்டலாம். 72 பகுதிகளில், அவர் முடிவே எடுக்காமல் நாலு வருஷம் கழிப்பதைக் காட்டலாம். ஒத்துழைப்பு பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஆக்கிரமிப்பு என்ற பொருளுக்குத் தொடர் எனும் வடிவம் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

3.3 ஆசியாவை நோக்கியவை

ஜப்பானிய ஆட்சிக்காலம் சிங்கப்பூரின் சீனமொழித் தொடர்களுக்கு நிலையான களம். 1997இன் 'தி பிரைஸ் ஆஃப் பீஸ்', 2008இன் 'தி லிட்டில் நோன்யா' ஆகியவை பரவலாகப் பார்க்கப்பட்டவை. இந்திய தேசிய ராணுவத்தை வைத்துக் கபீர் கான் இயக்கிய 'தி ஃபர்காட்டன் ஆர்மி' 2020 ஜனவரியில் ஐந்து பகுதிகளாக வந்தது. மாயா சீனிவாசன் என்ற சிங்கப்பூர்ப் பெண் அதில் முதன்மைப் பாத்திரம். மறக்கப்பட்ட வீரர்களை நினைவூட்டியது அத்தொடரின் பேறு. எனினும் அந்தப் படைக்கு ஜப்பானியரோடு இருந்த உறவு, அதே ஜப்பானியரிடம் மலாயாத் தோட்டத் தமிழர் பட்ட பாடு ஆகிய இரண்டையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தும் சுமையை அது ஏற்கவில்லை.

4. காரைக்கால் கண்ட ஆக்கிரமிப்புகள்

4.1 பதினெட்டாம் நூற்றாண்டு

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1760, 1778, 1793 என மூன்று முறை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மூன்றாம் முறை அவர்கள் வெளியேற 1817 ஆயிற்று. கொடி மாறினாலும் நிலத்தீர்வை நின்றதில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவரை எந்த ஆட்சியும் ஒதுக்கிவிட முடியாது. சந்தேகத்தின் விலையையும் இப்பகுதி கண்டது. 1758இல் தஞ்சை மீது படையெடுத்த பிரெஞ்சுத் தளபதி லாலி, வழியில் கீவளூர்க் கோயில் அந்தணர்களை உளவாளிகள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்.

அக்கால நிலையை உள்ளிருந்து எழுதிய தமிழர் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி, புதுச்சேரி வீழ்ந்த 1761 ஜனவரியில் அவர் இறப்போடு நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அங்கிருந்த வணிகர்களைப் புதுச்சேரிக்கு இழுக்க நடந்த முயற்சிகள் அதில் வருகின்றன. இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையான ஆட்சிமாற்றங்களைச் சொல்கிறது. உள்ளூர் அலுவலரின் மேசையிலிருந்து ஆக்கிரமிப்பைப் பார்க்கும் இத்தகைய பதிவுகள் ஐரோப்பாவின் எந்த ஊரின் பதிவுக்கும் சளைத்தவை அல்ல. பிரபஞ்சன் இவ்வுலகை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் எழுதினார். தொலைக்காட்சி அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

4.2 1940 செப்டம்பர்: ஒரு குடும்பம், இரு முகாம்

1940 ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தது. பெத்தேனின் விஷி அரசா, லண்டனிலிருந்து அழைத்த தெ கோலின் சுதந்திர பிரான்சா என்று ஒவ்வொரு குடியேற்றமும் தேர்ந்தாக வேண்டியிருந்தது. பிரெஞ்சிந்திய ஆளுநர் லூயி போன்வேன் அந்தச் செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தார். ஆங்கிலேய இந்தியாவால் சூழப்பட்ட சிறு பகுதிகளுக்கு வேறு வழியும் அரிது. இந்தோசீனாவில் ஆளுநர் அட்மிரல் ழான் தெகூ விஷியின் பக்கம் நின்றார். அதே செப்டம்பரில் ஜப்பானியப் படை வடக்கே தொங்கிங்கில் இறங்கியது. 1941 ஜூலையில் சைகோனுக்கும் வந்தது.

ஆக, காரைக்காலில் இருந்த தம்பியும் சைகோனில் இருந்த அண்ணனும் ஒரே பிரெஞ்சுக் குடியுரிமையோடு எதிரெதிர் முகாம்களில் சேர்க்கப்பட்டார்கள். இருவரையும் யாரும் கேட்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் நடுவில் இருந்த கடலும் போர்க்களமாயிற்று. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவை குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னை அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. சோழமண்டலக் கரையில் ஜப்பானியர் இறங்கக்கூடும் என்பது அன்று கற்பனைக் கதையன்று, அரசு போட்ட கணக்கு.

4.3 சைகோன்: ஏற்கெனவே இடையில் நின்றவர்கள்

சைகோனில் பிரெஞ்சிந்தியத் தமிழரின் நிலையை அறிய 1881ஆம் ஆண்டு ஆணையைப் பார்க்க வேண்டும். சொந்தச் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர் 'ரெனோன்சான்' ஆனார். புதுக் குடும்பப் பெயரும் பெற்றார். அவர்களும் பிற பிரெஞ்சிந்தியரும் சைகோனை உள்ளடக்கிய கொச்சின்சீனாவில் காவல், சுங்கம், நீதிமன்றம், சிறை, வரித்துறை ஆகியவற்றின் கீழ்நிலைப் பணிகளை நிரப்பினார்கள். நத்தாஷா பைரோதோ 2016இல் வெளியிட்ட ஆய்வு இம்மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை விரிவாகச் சொல்கிறது. நகரத்தார் வட்டித்தொழிலும் காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்களின் துணிக்கடைகளும் அங்கே வேரூன்றியிருந்தன. மாரியம்மன் கோயிலும் 1935இல் எழுந்த பள்ளிவாசலும் சைகோனின் நடுவே இன்றும் நிற்கின்றன.

இங்கேதான் ஐரோப்பியத் தொடர்களின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. வில்நேவ் மேயர் 1940 ஜூனில்தான் அந்நியனின் கீழ் வேலை பார்க்கத் தொடங்கினார். சைகோனின் தமிழ்க் காவலரோ அதற்கு இரண்டு தலைமுறை முன்பே, வியத்நாமியர் கண்ணில் அந்நியனின் ஆள். தன் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரருக்காக இன்னொரு நாட்டை ஆளத் துணைநின்றவர். அவர்மேல் 1941இல் ஜப்பானியர் வந்து அமர்ந்தார்கள். தெகூ நிர்வாகம் யூதருக்கு எதிரான விஷிச் சட்டங்களை அங்கும் கொண்டுவந்தது, தெ கோல் ஆதரவாளர்களைப் பணியிலிருந்து விரட்டியது, ஜப்பானியருக்கு அரிசி திரட்டிக் கொடுத்தது. தீர்வை எழுதிய தமிழ் எழுத்தர் முன்பு பிரான்சுக்காக எழுதினார். இப்போது அதே ஏட்டில் டோக்கியோவுக்காக எழுதினார்.

மூன்றாவது ஒரு கொடியும் இருந்தது. ஜப்பானியரோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய சுதந்திர லீக் சைகோனில் இயங்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த லியோன் புருசாந்தி தம் சைகோன் வீட்டை லீக்கின் அலுவலகத்துக்குக் கொடுத்தார். இதற்காகப் போருக்குப் பின் பிரெஞ்சு அதிகாரிகளிடம் அவர் பட்ட சித்திரவதையை வரலாற்றாசிரியர் ஜே.பி.பி. மோர் எழுதியுள்ளார். சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்ட் 17இல் கடைசியாகப் பலர் பார்க்க விமானமேறியதும் சைகோனில்தான். புருசாந்தியைத் தெ கோலின் பிரான்ஸ் துரோகி என்றது. இந்திய தேசிய இயக்கத்தின் கண்ணில் அவர் தியாகி. ஜப்பானியரிடம் அடிபட்ட ஒரு வியத்நாமியர் அவரை எப்படிப் பார்த்திருப்பார்? ஒரே செயலுக்கு மூன்று தீர்ப்பு வரும் இடத்தில் கொடியை வைத்து எதையும் அளக்க முடியாது.

4.4 1945: ஒரே ஆண்டில் நான்கு அதிகாரங்கள்

1945 மார்ச் 9இல் ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்துத் தாங்களே ஆளத் தொடங்கினார்கள். 1944-45இல் வடக்கே 10 முதல் 20 லட்சம் வியத்நாமியர் பட்டினியால் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஜப்பானியருக்கு அரிசி திரட்டியதும் நெல்வயல்களில் சணல் பயிரிட வைத்ததும் காரணங்களுள் அடங்கும். செப்டம்பர் 2இல் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அதே மாதம் பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்திய டிவிஷன் சைகோனில் இறங்கியது. சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்கே மீண்டும் வேலை கொடுத்து, இந்தியச் சிப்பாய்களின் துணையோடு பிரெஞ்சு அதிகாரம் மீட்கப்பட்டது. இதை ஒரு கதாசிரியர் கற்பித்து எழுதினால் நம்பத் தயங்குவோம். அடுத்து 1954 வரை நீண்ட போரில் புதுச்சேரி, காரைக்கால் சொல்தாக்கள் (படைவீரர்கள்) பிரெஞ்சுச் சீருடையில் நின்றார்கள். அவ்வாண்டே நவம்பர் 1இல் அவர்களின் சொந்த ஊர் பிரான்சின் கையிலிருந்து இந்தியாவிடம் வந்துவிட்டது.

5. ஒப்புநோக்கு: குவாய் பாலமும் அந்தமானும்

5.1 ஒரு நாவலின் பிறப்பிடம்

ஒத்துழைப்பைப் பற்றி உலகம் மிகுதியாகப் பார்த்த கதை 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). ஒழுங்கின் மீதுள்ள பற்றால் எதிரிக்குச் சிறப்பான பாலம் கட்டிக்கொடுக்கும் ஆங்கிலக் கர்னலின் கதை. அதன் மூல நாவலை 1952இல் வெளியிட்ட பியேர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுதந்திர பிரான்சின் ஒற்றராக 1942இல் இந்தோசீனாவுக்குள் நுழைந்தபோது அவரைப் பிடித்து ஆயுள் கடுங்காவல் விதித்தவர்கள் ஜப்பானியர் அல்லர், விஷிப் பிரெஞ்சு அதிகாரிகள். 1944இல் அவர் தப்பினார். அங்கே கண்ட பிரெஞ்சு அதிகாரிகளே தம் கர்னலுக்கு மாதிரி என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்களின் கீழ்தான் நம் எழுத்தர்களும் காவலர்களும் வேலை பார்த்தார்கள்.

அந்தப் பாலம் அமைந்த, 415 கிலோமீட்டர் நீண்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளும், ஏறத்தாழ 2 லட்சம் ஆசியத் தொழிலாளரும் வேலை வாங்கப்பட்டார்கள். கைதிகளுள் 12,000க்கு மேல் இறந்தனர். ஆசியரின் சாவு அதைப்போலப் பல மடங்கு. 90,000 வரை போகும் மதிப்பீடுகள் உண்டு. மலாயாத் தோட்டத் தமிழர் அவர்களுள் பெருந்தொகை. படத்தில் அவர்கள் இல்லை. யார் போக வேண்டும் என்ற பட்டியல் தோட்டக் கிராணிகளின், கங்காணிகளின் கைவழியே போனது. ரயிலுக்குப் போவதைத் தவிர்க்க இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இத்துயரை எழுதியது. மேடான், பினாங்கு வாழ்வை வைத்து ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' ஆக்கிரமிப்புக்காலத் தமிழரை வீரப்பூச்சு இல்லாமல் காட்டியது. எழுத்து நடந்த பாதையில் தமிழ்த் தொலைக்காட்சி கால் வைக்கவில்லை.

5.2 அந்தமான்

இந்திய மண்ணிலேயே ஜப்பானியர் ஆண்ட இடம் அந்தமான். 1942 மார்ச் 23இல் பிடித்தார்கள். 1943 டிசம்பர் இறுதியில் போஸ் அங்கே கொடியேற்றினார். சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர் மருத்துவர் திவான் சிங் அப்போது சிறையில் இருந்தார். சித்திரவதையால் 1944 ஜனவரியில் இறந்தார். அம்மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று சுட்டுக்கொன்றார்கள். அவர்களும் லீக்கைச் சேர்ந்தவர்களே. திவான் சிங் லீக்கின் தலைவராக ஜப்பானியரோடு பேசினார். அந்தப் பதவியைக் கொண்டு மக்களுக்காக வாதாடினார், அதனால் மாண்டார். பதவியில் இருந்தார் என்பது மட்டுமே தீர்ப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. அளவுகோல்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கேள்விகளை வகுக்கலாம்.

அ) அதிகாரம்: அவர் கையில் யார்மேல் என்ன அதிகாரம் இருந்தது? பதிவேடு எழுதியவரும் கைது செய்தவரும் ஒன்றல்லர். ஆனால் கைதுக்குப் பதிவேடு தேவைப்பட்டது.

ஆ) தேர்வு: மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கெர்ன்சியில் மறுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தமானில் உயிர் போயிற்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

இ) ஆதாயம்: பதவி உயர்வு, ஒப்பந்தம், நிலம் என ஆக்கிரமிப்பால் புதிதாக எது சேர்ந்தது? இருந்ததைக் காத்ததும் இல்லாததைச் சேர்த்ததும் வெவ்வேறு.

ஈ) விளைவு: அவருக்குக் கீழே இருந்தவருக்கு என்ன நேர்ந்தது?

நான்காவதே தீர்மானமானது. முதல் மூன்றும் அலுவலரைப் புரிந்துகொள்ள உதவும். நான்காவது பாதிக்கப்பட்டவரைக் கணக்கில் சேர்க்கும். கொடி விசுவாசத்தை மட்டும் கேட்கும் சட்டகத்தில் பட்டினியால் செத்த தொங்கிங் விவசாயிக்கும் ரயில் பாதையில் புதைந்த தோட்டத் தொழிலாளிக்கும் இடமே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லாவற்றையும் சூழலுக்குள் வைத்துப் பார்த்தால் குற்றமே இல்லாமல் போய்விடும் என்பார்கள். போருக்குப் பிந்திய பிரான்சைப் பார்த்தால் நேர்மாறானதே தெரிகிறது. விடுதலை நாட்களில் ஏறத்தாழ 9,000 பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 20,000 பெண்கள் தலை மழிக்கப்பட்டு ஊர்வலம் விடப்பட்டனர். உயர்பதவியிலிருந்த அதிகாரிகள் பலரோ பதவியோடு ஓய்வு பெற்றார்கள். படிநிலை பாராத கோபம் எளியவரை நசுக்கிப் பெரியவரைத் தப்பவிடுகிறது. ஈழத்தில் 'துரோகி' என்ற முத்திரை எத்தனை உயிர் வாங்கியது என்பதும் நாம் அறிந்ததே. இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தை எல்லாத் தரப்பையும் விமர்சித்துப் பதிவுசெய்த 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். நுட்பமாகப் பார்ப்பது குற்றவாளியை விடுவிப்பதற்கன்று, சரியான குற்றவாளியைக் காண்பதற்கே.

7. குரும்பகரத்திலிருந்து ஒரு தொடர்: அமைப்பு முன்மொழிவு

இந்த அளவுகோலை வைத்து ஒரு தமிழ்த் தொடர் எழுதினால் அதன் அமைப்பு எப்படி இருக்கலாம்? பின்வருவது முழுதும் கற்பனை; காலச்சட்டகம் மட்டும் வரலாறு.

7.1 களம்: இரண்டு ஊர்கள். குரும்பகரத்தில் நிலம் பார்க்கும் தம்பி, சைகோன் காவல் அலுவலகத்தில் எழுத்தராக உள்ள அண்ணன். அண்ணனுக்கு ஊரில் ஒரு மனைவி, சைகோனில் ஒரு வியத்நாமிய மனைவி.

7.2 முதல் பருவம், 1940-41: பிரான்ஸ் விழுந்த செய்தி வருகிறது. தம்பி ஊரில் ஆங்கிலேயர் நண்பராகிறார். காங்கிரஸ் அனுதாபியான அவருக்கு அது கசக்கிறது. அண்ணன் அலுவலகத்தில் பெத்தேன் படம் மாட்டப்படுகிறது. தெ கோல் அனுதாபிகளின் பெயர்ப்பட்டியலைப் படியெடுக்கும் வேலை அவர் மேசைக்கு வருகிறது.

7.3 இரண்டாம் பருவம், 1942-44: பணமும் கடிதமும் நின்றுபோன குரும்பகரத்து வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. சைகோனில் அரிசி திரட்டும் கணக்கு அண்ணன் கைக்கு வருகிறது. லீக்கில் சேரச் சொல்லித் துணிக்கடைக்காரர் அழைக்கிறார். பிரான்சுக்குச் செய்தது ஊழியம், ஜப்பானுக்குச் செய்வது துரோகம், இந்தியாவுக்காக ஜப்பானோடு சேர்வது தேசபக்தி. மூன்றையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் செய்கிறார்.

7.4 மூன்றாம் பருவம், 1945-54: அண்ணனை ஐரோப்பியத் தொடர்கள் கேட்காத ஒரு கேள்வி கேட்கப்படும். கேட்பவர் நீதிபதியல்லர், அவருடைய வியத்நாமிய மனைவியின் சகோதரர். 1945இல் என்ன செய்தாய் என்று அவர் கேட்பதில்லை. நீ முதலில் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கிறார்.

இந்தக் கடைசிக் கேள்வியே தமிழ்த் தொடர் உலகத் தொலைக்காட்சிக்குத் தரக்கூடிய புதுப்பொருள். ஆக்கிரமிக்கப்பட்டவரே ஆக்கிரமிப்பின் கருவியாகவும் இருந்த நிலையை வில்நேவிலும் கெர்ன்சியிலும் வைத்துச் சொல்ல வழியில்லை. சைகோனில் அது உண்டு. நம்மவர் நல்லவராகவே தெரிய வேண்டும் என்று விரும்பும் எழுத்தாளர் இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

8. முடிவு

ஆக்கிரமிப்புக்காலத் தொடர்கள், ஒத்துழைப்பு நாள்தோறும் நடக்கும் சிறு இசைவுகளின் தொகை என்பதைக் காட்டின. அவ்வகையில் அவை வரலாற்றாய்வுக்குத் துணைநின்றன. ஆனால் காலனிய அலுவலரின் இரட்டை நிலை அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது. காரைக்கால் தமிழரின் சைகோன் அனுபவம் அக்குறையைச் சுட்டுவதோடு, கொடிக்குப் பதில் விளைவை வைத்து அளக்கும் அளவுகோலையும் தருகிறது. அந்த அளவுகோலில் புருசாந்தியும் திவான் சிங்கும் ஒரு பக்கம். கேள்வி கேட்காமல் பட்டியல் எழுதியவர்கள் மறுபக்கம். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில்.

அரசு ஆவணங்கள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்திலும் புதுச்சேரியிலும் பத்திரமாக உள்ளன. அவை மேலிருந்து எழுதப்பட்டவை. கீழிருந்து எழுதப்பட்டவை காரைக்கால் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன: சைகோனிலிருந்து வந்த கடிதங்கள், சொல்தாவின் படைக்குறிப்பேடு, பென்ஷன் தாள்கள், பெயர் தெரியாத வியத்நாமியப் பெண் நிற்கும் நிழற்படம். அந்நாட்களை நேரில் அறிந்தவர் இப்போது தொண்ணூறைத் தாண்டியவர்கள். குரும்பகரத்திலும் சுற்று ஊர்களிலும் இத்தகைய தாள்களை வைத்திருப்போர் அவற்றைக் கரையானுக்கு விடாமல் படியெடுத்து ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும்; பெருமை தருபவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுக்காமல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.